பரிசோதனைக்கு முந்தைய ஏழு நாட்கள்

முதலில் குரல்தான் மாறியது. நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் நான் வேதியியல் ஆசிரியை. மூன்றாவது பாடவேளைக்குள் தொண்டை கட்டிவிடும். பிறகு முகம் வீங்கியது. சித்திரை வெயிலிலும் கைகள் சில்லிட்டன. ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். (தைராய்டை வேலை செய்யச் சொல்லி மூளையடிச் சுரப்பி அனுப்பும் ஹார்மோன்) பல மடங்கு ஏறியிருந்தது. தைராய்டு மந்தமாகிவிட்டது என்றார் மருத்துவர்.

டி4 மாத்திரை (தைராய்டு சுரக்க வேண்டிய ஹார்மோன்) எழுதிக் கொடுத்தார். விடிந்ததும் வெறும் வயிற்றில் போட வேண்டும். அதன்பின் ஒரு மணி நேரம் டீகூடக் கூடாது.

எங்கள் பள்ளியில் காலை ஐந்து மணிக்கே படிப்பு நேரம். ஆசிரியர்கள் சேர்ந்து நின்று டீ குடிப்போம். இரண்டாம் நாளே இயற்பியல் ஆசிரியை கேட்டார்: "என்னங்க டீச்சர், பொண்ணு பாக்க வாராங்களா? கறுத்துடுவோம்னு டீயையே உட்டுட்டீங்க!" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே டம்ளரை வாங்கிக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கோழிப்பண்ணையில் முட்டை அடுக்கும் அம்மா, என் வேலையைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் குரலை உயர்த்துவாள். ஆயுள் முழுக்க மாத்திரை தின்ன வேண்டியவள் என்று யாருக்கும் தெரியக் கூடாது என்று நினைத்தேன். பாதி நாட்கள் மாத்திரையை விட்டேன்.

கடைசி வாரம் விழுந்து விழுந்து படித்து மதிப்பெண் வாங்கியே வளர்ந்தவள் நான். ரத்தப் பரிசோதனைக்கும் அப்படியே தயாரானேன். முந்தைய ஏழு நாட்கள் தவறாமல் போட்டேன். டி4 அளவு சரியாக வந்தது. டி.எஸ்.எச். இறங்கவில்லை, களைப்பும் போகவில்லை. மருத்துவர் குழம்பி, கொஞ்சம் டி3யும் (டி4 உடலில் மாறி உருவாவது, வேகமாக வேலை செய்வது) சேர்த்தார்.

பழையபடி பாதி நாட்கள் விட்டுவிட்டு, அடுத்த பரிசோதனைக்கு முந்தைய வாரம் மட்டும் இரண்டையும் இரட்டிப்பாகப் போட்டேன். நெஞ்சு படபடத்தது. எழுதும்போது சாக்பீஸ் நடுங்கி உடைந்தது.

முடிவைப் பார்த்த மருத்துவர் என்னோடு வந்திருந்த அம்மாவிடம் சொன்னார்: "ரெண்டு ஹார்மோனும் கூடுதலா இருக்கு. டி.எஸ்.எச்.சும் ஏறியே இருக்கு. பிட்யூட்டரியில (மூளையடிச் சுரப்பி) கட்டி ஏதாச்சும் இருக்கான்னு ஸ்கேன் பாத்துடலாம்."

"தலைக்குள்ளயாங்க டாக்டர்?" என்றாள் அம்மா. அப்போதும் உண்மையைச் சொல்லாமல் ஸ்கேன் சீட்டை வாங்கிக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து, சேலத்தில் ஸ்கேன் அறைக்கு வெளியே, அம்மா என் கம்மலைக் கழற்றினாள். திருகாணி அவள் விரலில் நிற்கவில்லை, கீழே விழுந்தது. குனிந்து தேடியவள் சீக்கிரம் எழவில்லை. அழுகிறாள் என்று முதுகைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

"கட்டியெல்லாம் இல்லைம்மா. நான்தான் மாத்திரையை ஒழுங்காப் போடல."

மருத்துவரிடம் திரும்பிப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. ஸ்கேனை நிறுத்தினார். "ரத்தத்துல ஹார்மோன் அளவை ஒரு வாரத்துல ஏத்திடலாம்மா. டி.எஸ்.எச். சரியாக ஆறு வாரமாவது ஆகும்," என்றார். டி3யை நிறுத்திவைத்து, டி4ஐ மட்டும் தினமும் போடச் சொன்னார்.

பேருந்தில் வரும்போது அம்மா கேட்டாள்: "எனக்குப் படிப்பில்ல, எங்கிட்ட மறச்ச, செரி. அந்த டாக்டரு படிச்சவருதான? அவருகிட்ட எதுக்கு சாமி மறச்ச?"



ஸ்கேன் என்று கேட்ட அன்றே அவள் மொட்டை போடுவதாக வேண்டியிருந்தாள். கட்டி என்றதே பொய் என்றான பிறகு எதற்கு என்றேன். "தலைக்குள்ள ஒண்ணுமில்லீன்னு ஆச்சுல்ல?" என்று கோயிலுக்குப் போய் முடி இறக்கிவிட்டு வந்தாள்.

உங்களில் யாராவது என்னைப் போல மாத்திரையை விட்டிருந்தால், மருத்துவரிடம் இன்றே சொல்லிவிடுங்கள். இப்போது என் டி.எஸ்.எச். சரியான அளவில் இருக்கிறது. மிச்சமிருந்த களைப்புக்காக டி3 மறுபடி சேர்ந்து, காலையும் மதியமும் சிறு அளவாகப் போகிறது. பரிசோதனை நாளில் ரத்தம் கொடுத்த பிறகுதான் மாத்திரை.

ஆறு வாரம் என்பது எவ்வளவு காலம் என்று இப்போது எனக்குத் தெரியும். அம்மாவின் தலையில் முடி ஒரு விரல்கடை முளைத்து, சீப்புக்கு இன்னும் அகப்படாத காலம். அப்போது என்னைப் பார்க்கப் பள்ளிக்கு வந்தவளிடம் இயற்பியல் ஆசிரியை, "எந்தக் கோயிலுங்கம்மா?" என்று கேட்டார். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். எதற்காக மொட்டை என்பதையும் சொல்லலாமா என்று என்னிடம் அனுமதி கேட்கும் பார்வை.