அவன் தூங்கிய பிறகு

காமக் கதைகளை நான் ஆண் குரலில்தான் எழுதிவந்தேன். அது ஒரு சௌகரியம். ஆண் சொன்னால் கதை, பெண் சொன்னால் வாக்குமூலம் என்றுதான் படிக்கிறவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். நான் என்ன செய்ய?

வாரநாட்களில் எலெக்ட்ரானிக் சிட்டியில் அலுவலகம், சனி ஞாயிறில் கதை. புனைபெயரும் ஆண் பெயர். ஒருமுறை கம்பெனி வண்டியில் பின்சீட்டுப் பையன்கள் இருவர் தலையை முட்டிக்கொண்டு என் கதையைப் போனில் படித்தார்கள். "மச்சி, இவன் செம எக்ஸ்பீரியன்ஸ்டா," என்றான் ஒருவன். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

என் கணவருக்கு எல்லாம் தெரியும். அவர்தான் முதல் வாசகர். சோபாவில் சாய்ந்து படித்துவிட்டு, "பொல்லாத ஆளுதான் நீ," என்று கன்னத்தைக் கிள்ளுவார். அவருக்குப் பெருமைதான்.

போன கோடையில், நான் எழுதும் இணைய இதழின் ஆசிரியை போன் செய்தார். "இந்தத் தடவை கதையில வர்ற பொண்ணே சொல்ற மாதிரி எழுதுங்களேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வேணும்," என்றார். எழுதினேன். கை தன்னால் ஓடியது. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

ஞாயிறு காலை லேப்டாப்பை அவரிடம் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போனேன். கீழே தண்ணீர் டேங்கர் மோட்டார் இரைந்துகொண்டிருந்தது. குக்கர் விசில் அடங்கியும் அவரிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. எட்டிப் பார்த்தேன். பாதியிலேயே லேப்டாப்பை மூடியிருந்தார்.

"யாரு இவன்?" என்றார்.

"யாரும் இல்லைங்க. கதைதானே?"

"இதுக்கு முன்னாடி எழுதினதுல வந்த பொம்பளைங்க யாருன்னு நான் கேட்டேனா? கேக்கல. இப்ப கேக்கணும்னு தோணுது."

சுருக்கென்று கோபம் வந்தது. அந்தப் பெண்களின் கழுத்தும் முதுகும் யாருடையவை என்று நினைத்தாராம்? வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

"பழையபடி ஆம்பள சொல்ற மாதிரி மாத்திடு. இல்லன்னா இனிமே என்கிட்ட காட்டாத," என்றார்.

அவர் படிக்கக் கூடாத கதையை எழுதிவைத்துக்கொண்டு ஒரே வீட்டில் எப்படி இருப்பது? மேசையில் உட்கார்ந்து மாற்றத் தொடங்கினேன். அவர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக் காவல்காரர் மாதிரி உட்கார்ந்தார். கதையில் அவன் சட்டையின் வியர்வை வாசம் போய், அவள் தலையின் மல்லிகை வாசம் வந்தது. அவன் தோள் இருந்த இடத்தில் அவள் தோள் வந்தது. எல்லாம் மறுபேச்சில்லாமல் மாறின. கடைசி இடத்தில் கை நின்றது.

"என்ன?" என்றார்.

"இது மட்டும் மாற மாட்டேங்குது."

"படி."

படித்தேன்.

"அவன் தூங்கிய பிறகுதான் எனக்கு ஆசை வந்தது. மின்விசிறியைப் பார்த்தபடியே படுத்திருந்தேன்."

ஏன் மாறாது என்பதுபோல் பார்த்தார்.

"அவன்தான் தூங்கிட்டானே, அவனுக்கு எப்படித் தெரியும்? அவன் சொன்னா இது கதையிலயே வராதுங்க," என்றேன்.

எடுத்துவிடு என்பார் என்று காத்திருந்தேன். கீழே மோட்டாரை நிறுத்திவிட்டார்கள். வீடு திடீரென்று அமைதியாகிவிட்டது. யாரு இவன் என்று அவர் மறுபடி கேட்கவில்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் ரொம்ப நாளாவே தூங்கிட்டேன்ல?" என்றார்.

இல்லைங்க என்று சொல்ல நாக்கு துடித்தது. அவர் முகத்தைப் பார்க்க அவ்வளவு பாவமாக இருந்தது. ஆனால் சொல்லவில்லை. மாற்றியதை எல்லாம் அழித்துவிட்டு, அவள் சொன்னபடியே கதையை அனுப்பினேன். அனுப்பி முடிக்கும்வரை அவர் எழுந்து போகவில்லை.