சீரில் வைத்த நூலகம்

என் மகள் கல்யாணத்துக்கு நகை கேட்கவில்லை, வண்டி கேட்கவில்லை. "உங்க போன்ல இருக்க புத்தகம் எல்லாத்தையும் சீராத் தந்திருங்கப்பா, அது போதும்" என்றாள். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. 'இனி பீரோவில் இடமில்லை' என்று மனைவி சொன்ன நாளிலிருந்து மின்நூலாகவே வாங்கிச் சேர்த்தவை அவை. பிள்ளை வாய்விட்டுக் கேட்ட ஒன்றே ஒன்றைக் கொடுக்காமல் அனுப்புவேனா?

மின்நூல் விற்ற கம்பெனிக்குப் போன் செய்தேன். பேசிய பெண் பணிவாக, "சார், புத்தகம் உங்களுக்குச் சொந்தமில்லை. படிக்கும் உரிமைதான் உங்களுடையது. இன்னொருவர் கணக்குக்கு மாற்ற முடியாது" என்றார்.

"காசு குடுத்து வாங்குனது நாந்தானம்மா?"

"ஆமாம் சார். படிப்பதற்கு."

இதென்ன கூத்து! அல்வா வாங்கினால் நீ மட்டும்தான் தின்ன வேண்டும், மகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று எந்தக் கடைக்காரராவது சொல்வாரா? மனைவிக்கோ ஒரே குஷி. "அப்ப இம்புட்டு நாளும் வாடகைக்கா எடுத்திய?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தாள்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. புது டேப் ஒன்று வாங்கி, அதில் என் கணக்கைத் திறந்தேன். அட்டைப்படங்கள் வரிசையாக வந்து நின்றன. அவ்வளவுதான், வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டேன்.

கல்யாணம் ஆழ்வார்குறிச்சியில், மாப்பிள்ளை ஊர் மண்டபத்தில். வெற்றிலை பாக்கு, பழத்தோடு டேப்பும் தாம்பாளத்தில் ஏறியது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் சீரை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்ப்பார்கள் அல்லவா? மாப்பிள்ளையின் அத்தை டேப்பை எடுத்து ஓர் அட்டையைத் தொட்டார். வட்டம் சுற்றியது. இன்னொன்றைத் தொட்டார். அதுவும் சுற்றியது. "ஏ, அட்டை மட்டுந்தான் இருக்கு, உள்ள ஒண்ணையும் காணுமே!" என்றார் மண்டபம் முழுக்கக் கேட்கும்படி. புத்தகங்களைத் தனியாக இறக்கி வைக்க வேண்டும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த மண்டபத்தில் நெட்டும் இல்லை. மானம் போயிற்று.

மணமேடையிலிருந்து என் மகள், "நெட் வந்தா எல்லாம் வந்துரும் அத்தை" என்று சமாளித்தாள். பிறகு என் காதில், "கணக்கையே என் நம்பருக்கு மாத்தி விட்ருங்கப்பா" என்றாள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக என் கணக்கில் என் நம்பரை எடுத்துவிட்டு அவள் நம்பரைப் போட்டுக் கொடுத்தேன்.

அதன்பின் என் போனில் நான் வாங்கிய புத்தகத்தை நானே படிக்க ஓடிபி கேட்டது. அது போவது மகளுடைய போனுக்கு.

"ஏட்டி, நம்பர் வந்துச்சா?"

"இருங்கப்பா, குழம்பு கொதிக்கி." நம்பரைச் சொல்லிவிட்டு, "சாப்ட்டியளா? மாத்திரை போட்டியளா? அம்மா என்ன செய்தா?" என்று அரைமணி நேரம் பேசுவாள். மனைவி போனைப் பிடுங்கி இன்னொரு அரைமணி நேரம்.

நேற்று கேட்டாள்: "ஒருக்க உள்ள போயிட்டா மறுபடி ஓடிபி கேக்காதுல்லாப்பா? நீங்க எதையோ தப்பா அமுக்குதிய."

"என்ன எழவோ, எனக்கு என்ன தெரியும்" என்றேன்.

போனை வைத்ததும் நாலு பக்கம் படித்தேன். பிறகு 'வெளியேறு' என்பதை வழக்கம்போல் அமுக்கினேன்.