இடுப்பெலும்பில் தெரிந்த புள்ளி

சஜ்தாவிலிருந்து (தொழுகையில் நெற்றியைத் தரையில் வைக்கும் நிலை) எழும்போதுதான் முதலில் வலித்தது. இடது இடுப்பில், ஆழத்தில். சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைக்கு அருகில் துணிக்கடை நடத்துபவன் நான். நாள் முழுக்க நிற்கிற உடம்பு வலிக்கத்தானே செய்யும் என்று தைலம் தேய்த்துக்கொண்டேன். ஆனால் இந்த வலி படுத்தாலும் விடவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் எனக்குப் புரோஸ்டேட் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை நடந்திருந்தது. அதன்பின் அடங்கியிருந்த பிஎஸ்ஏ (புரோஸ்டேட் சுரப்பியின் செல்கள் இரத்தத்தில் விடும் புரதம்) இப்போது ஏறியிருந்தது. நோய் எலும்புக்குப் பரவியிருக்கலாம் என்று சந்தேகித்து எலும்பு ஸ்கேனுக்கு அனுப்பினார்கள்.

கையில் ஊசி போட்டார்கள் (சிறிதளவு கதிரியக்க மருந்து; எலும்பில் மாற்றம் நடக்கும் இடங்களில் அதிகமாகச் சேரும்). நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். மனைவி மெஹருன்னிசா புக்கிட் பாஞ்சாங்கில் இருக்கும் மகள் வீட்டுத் திரைச்சீலையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். நான் கேட்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். இருந்தும் நிறுத்தவில்லை.

முடிவைச் சொன்ன மருத்துவர் எங்கள் மகள் வயதுடைய தமிழ்ப் பெண்.

“அங்கிள், ஸ்கேன்ல ரெண்டு இடம் தெரியுது. வலது விலா, இடது இடுப்பு. ரெண்டுமே கேன்சர்னு சொல்லிட முடியாது. பழைய அடி, தேய்மானம்கூட இப்படித் தெரியும். எங்கயாவது விழுந்தீங்களா?”

“இல்ல டாக்டர்.”

“விழுந்தாங்க,” என்றாள் மெஹருன்னிசா. “நோன்புக்கு முன்னாடி, பாத்ரூம்ல. விலாவப் புடிச்சுக்கிட்டே நடந்தாங்க. கிளினிக் போலாம்னா கேக்க மாட்டாங்க லா.”

எனக்கு அது அடியோடு மறந்துபோயிருந்தது.

சிடி ஸ்கேனும் எம்ஆர்ஐ ஸ்கேனும் எடுத்தார்கள். விலாவில் தெரிந்தது ஆறிவரும் முறிவு. இடுப்பில் தெரிந்தது புற்றுநோய்தான்.

எவ்வளவு காலம் என்று கேட்க வாயெடுத்தேன். மெஹருன்னிசா முந்திக்கொண்டாள்.

“இப்ப என்ன செய்யணும் டாக்டர்?”

“முழுசாப் போக்க முடியாது, ஆன்ட்டி. ஆனா கன்ட்ரோல்ல வெச்சிருக்கலாம். வருஷக்கணக்கா அப்படி இருக்கறவங்க இருக்காங்க.” பிறகு என் பக்கம் திரும்பினார். “ஒண்ணு மட்டும் மறந்துடாதீங்க. திடீர்னு கால் பலம் போனா, மரத்துப்போனா, யூரின் வராம நின்னா, அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காதீங்க. நேரா எமர்ஜென்சிக்கு வந்துடணும்.” முதுகுத்தண்டு நரம்பு அழுந்துவதன் அறிகுறிகளாம் அவை. இதைப் படிப்பவர்களும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இடுப்புக்கு ஒரே அமர்வில் கதிர்வீச்சு கொடுத்தார்கள். முதல் சில நாள் வலி கூடியது, பயந்துபோனேன். சில வாரங்களில் குறைந்தது. ஹார்மோன் ஊசியும் (நோய்க்குத் தீனியாகும் ஆண் ஹார்மோனை அடக்குவது) மாத்திரைகளும் தொடங்கின. ஊசியால் எலும்பு மெலியும் என்பதால் நடக்கச் சொன்னார்கள்.

அந்த ஊசியின் பக்கவிளைவாக, ஒருநாள் கடையில் குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கழுத்திலிருந்து சூடு கிளம்பி, சட்டை நனைந்துவிட்டது. வாடிக்கையாளர் முன் கூசிப்போனேன். வீட்டில் சொன்னதும் மெஹருன்னிசா வெகுநேரம் சிரித்தாள்.

“மாதவிடாய் நின்னப்ப எனக்கும் இது மூணு வருஷம் வந்துச்சு. ஃபேன் போட்டா குளிருதுன்னு போய் அணைச்சீங்களே, ஞாபகம் இருக்கா?”

நானும் சிரித்தேன். பிறகு அவள் அழுதாள். நோய் தெரிந்த பின் அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான். மின்விசிறியை எங்கள் இருவர் பக்கமும் திருப்பிவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

அண்மைப் பரிசோதனையில் பிஎஸ்ஏ நன்றாக இறங்கியிருக்கிறது. மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார்கள். ஆண்டுகளாகத் திட்டமிட்டவன் இப்போது மூன்று மூன்று மாதமாக வாழ்கிறேன். அந்த மூன்று மாதங்களும் முன்பிருந்த ஆண்டுகளைவிட நீளமாக இருக்கின்றன.

அன்று மருத்துவமனையிலிருந்து திரும்பும் வழியில் சாலையைக் கடக்க நின்றோம். விளக்குக் கம்பத்திலுள்ள கருவியில், முதியவர்களுக்குத் தரும் மூத்தோர் அட்டையைத் தட்டினால் நடப்பவர்களுக்கான பச்சை விளக்கு இன்னும் சில நொடிகள் எரியும். அறுபது தாண்டியும் வீம்புக்கு நான் தட்டியதே இல்லை. அன்று அட்டையை எடுத்துத் தட்டினேன். மெஹருன்னிசா என் கையைப் பிடித்துக்கொண்டாள். பேருந்தும் லாரிகளும் காத்து நிற்க, எலும்பு சொன்ன வேகத்தில் நடந்து அக்கரை சேர்ந்தோம். விளக்கு இன்னும் பச்சையாகவே இருந்தது.