பாடகரின் முதுகு

எங்கள் வீட்டின் பின்கட்டில் விசைத்தறிக் கூடம். தம்பியின் டிரம்ஸ் அங்கேதான் ஒரு மூலையில் இருந்தது. சங்கரன்கோவிலில் வேறெங்கு வைத்து அடித்தாலும் தெருவே வாசலில் வந்து நின்றிருக்கும். தறிச் சத்தத்துக்குள் யாருக்கும் அது தனியாகக் கேட்கவில்லை. பள்ளி நாட்களிலிருந்து அங்கேயே அடித்துப் பழகி, சென்னையில் ஒரு ராக் இசைக்குழுவில் சேர்ந்தான். கல்லூரி விழாக்கள், மால்கள், பிறகு பெங்களூர் மேடைகள். கச்சேரி இல்லாத வாரங்களில் ஊருக்கு வந்து அதே மூலையில் உட்கார்ந்துவிடுவான்.

சென்ற ஆண்டு அந்தக் குழுவின் பாடகர் என்னைப் போனில் அழைத்தார்.

"அண்ணா, உங்க தம்பி எல்லாப் பாட்டுலயும் லேட்டா உள்ள வர்றான். கேட்டா சிரிக்கிறான். அடுத்த மாசம் பெரிய ஷோ இருக்கு. இப்படியே போனா நான் வேற டிரம்மரைத்தான் பாக்கணும்."

தம்பியிடம் சொன்னேன்.

"அவன் எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டுல்லா பாடுதான். நான் எப்படி உள்ள வர?" என்றான்.

விசித்திரமான பதில். அன்று மாலை தறிகள் நின்ற பிறகு, அவன் பின்னால் போய்க் கூப்பிட்டுப் பார்த்தேன். திரும்பவில்லை. முன்னால் போய்க் குரலே எழுப்பாமல் உதட்டை மட்டும் அசைத்தேன். காப்பி குடிக்கியா?

"சீனி கம்மியா போடச் சொல்லு" என்றான்.

தறி ஓடும் வீட்டில் யாரும் கத்திப் பேசுவதில்லை. உதட்டைப் பார்த்துத்தான் பேச்சு. தறிக்கு அந்தப் பக்கம் நின்று அம்மா எதிர்வீட்டுச் சண்டையை முழுசாகச் சொல்வாள், இந்தப் பக்கம் நின்று நாங்கள் சிரிப்போம். அதனால் அவனுக்குக் காது போய்க்கொண்டிருந்தது வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. அவனுக்கு எப்போது தெரிந்தது என்று நான் கேட்கவில்லை.

திருநெல்வேலியில் டாக்டர் ஒரு ஃபைலால் வாயை மறைத்துக்கொண்டு, "என்ன வேலை பாக்கீங்க?" என்றார். தம்பி மரியாதையாகச் சிரித்தபடி காத்திருந்தான். டாக்டர் ஃபைலைக் கீழே வைத்தார்.

"நரம்பு போயிருக்கு. திரும்ப வராது. மெஷின் வச்சா பேச்சு கொஞ்சம் கேக்கும். டிரம்ஸ் பக்கம் இனி போகக் கூடாது."

திரும்பும் பஸ்ஸில், "பேண்டுல சொல்லிராதண்ணே. இந்த ஷோ மட்டும் முடியட்டும்" என்றான்.

"பாட்டு கேக்காம எப்படிலே அடிப்ப?"

"அவனைக் கொஞ்சம் திரும்பி நிக்கச் சொன்னாப் போதும்."

சங்கரன்கோவில் பஸ் நிலையத்தில் இறங்கியதும் பாடகர் மறுபடி அழைத்தார். "அவன்கிட்ட பேசுனீங்களா அண்ணா? என்னதான் பிரச்சனையாம்?"

தம்பி என் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் வாயைத் திறப்பதற்குள் அவன் போனை வாங்கித் தன் காதில் வைத்துக்கொண்டான்.

"சொல்லு மச்சான்."

பக்கத்தில் நின்ற எனக்கே பாடகரின் குரல் கேட்டது. "தப்பா எடுத்துக்காதடா. இந்த ஷோவுக்கு வேற ஆளச் சொல்லிட்டோம்."

"சரி மச்சான்" என்றான் தம்பி. "ஷோவுக்கு மொத நாளே வந்துருதேன்."