லாசாலில் ஒரு கல்லறைக்கு வெள்ளையடித்தோம்

போர் மறுபடி மூண்டு, மன்னார்ப் பக்கம் போகும் பாதைகள் பூட்டப்பட்டிருந்த வருடங்கள் அவை. மனைவியின் தாய் ஊரில் காலமானபோது எங்களுக்குப் போக வழியிருக்கவில்லை. அடுத்த வருடம் அங்கிருந்த சொந்தங்களும் இடம்பெயர்ந்துவிட்டார்கள். நவம்பர் இரண்டாம் திகதி, மரித்த ஆத்துமாக்களின் திருநாளன்று, மாமியின் கல்லறையில் ஒரு மெழுகுதிரி கொளுத்த அங்கே ஆளில்லை.

மனைவிக்கு அந்த நினைப்பில் சாப்பாடு இறங்கவில்லை.

"கோயிலிலை பூசைக்குக் குடுப்பம்" என்றேன்.

"பூசை எல்லாருக்கும் பொது. அம்மாவுக்கு எண்டு மண்ணிலை ஒரு திரி எரிய வேணும்."

"அந்த மண் அங்கையெல்லோ இருக்கு."

"இஞ்சையும் மண்தானே. நாங்கள் இஞ்சை ஆரோ ஒராளின்ரை அம்மாவுக்குக் கொளுத்தினால், அங்கை ஆரோ எங்கடை அம்மாவுக்குக் கொளுத்துவினம்."

கலியாணம் கட்டிய நாள் முதல் அவளுடைய வாதங்களுக்கு நான் பகிடிதான் சொல்லி வந்தேன். அன்று கோட்டை மாட்டிக்கொண்டு அவளோடு கிளம்பினேன்.

ஊரைவிட்டு வந்து நாங்கள் குடியிருந்த, பிரெஞ்சு பேசுகிற லாசாலில், எங்கள் அடுக்குமாடியிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு பழைய கோயில். அதற்குப் பின்னால் சேமக்காலை. முதன்முதலில் இந்தப் பக்கம் காடு வெட்டிக் குடியேறிய பிரெஞ்சுக் குடும்பங்கள் அங்கேதான் கிடக்கின்றன. ஒரே கல்லில் தாய், தகப்பன், பிள்ளைகள் என்று வகுப்பு இடாப்பு மாதிரிப் பெயர்கள். மனைவி அந்தக் கல்லறைகளை ஒவ்வொன்றாகச் சுற்றிப் பார்த்தாள். என்னை மாப்பிள்ளையாகத் தெரிவுசெய்தபோதுகூட அவள் வீட்டில் இவ்வளவு விசாரித்திருக்க மாட்டார்கள். கடைசியில், மூலையில் சரிந்து பாசி பிடித்துக் கிடந்த ஒரு கல்லின் முன்னால் நின்றாள். அதில் முதலாவதாக வெட்டியிருந்த பெயர் ஒரு பெண்ணுடையது.

"ஒருத்தரும் வாறேல்லை எண்டு பாக்கவே தெரியுது. இவவை எடுப்பம்."

எடுப்பதென்றால் சும்மா எடுப்பதா? ஊரில் திருநாளுக்கு முதல் புல்லுப் பிடுங்கி, கூட்டி, கல்லறைக்கு வெள்ளையடிப்போம். வெள்ளையடிக்காத கல்லறையில் திரி கொளுத்துவது குளிக்காமல் கலியாண வீட்டுக்குப் போவது போல. சுண்ணாம்புக்கு நான் தோட்டச் சாமான் கடைக்குப் போனேன். டோர்வல் விமானநிலையத்தில் பெட்டி தூக்குகிறவன் நான். பை கனமாக இருந்தால் உள்ளே நல்ல சாமான் என்று நம்புகிறவன். நான் வாங்கித் தூக்கி வந்த பை புல்தரைக்குத் தூவுகிற சுண்ணாம்புத் தூள் என்று பேந்துதான் தெரிந்தது.

திருநாள் காலை வாளியில் கரைத்துப் பூசினோம். ஊர் வெயில் என்றால் உடனே காய்ந்து பளிச்சென்று நிற்கும். இங்கே அது தோசைமா மாதிரி வழிந்துகொண்டேயிருந்தது.

அந்த நேரம் பார்த்து, கையில் பூச்சட்டியோடு ஒரு வயதான பிரெஞ்சு மதாம் வந்தார். அது அவருடைய குடும்பத்துக் கல்லறை. ஊரெல்லாம் தேடி, ஒருத்தரும் வராத கல்லறை என்று நாங்கள் தெரிவுசெய்ததற்குச் சொந்தக்காரி!

"போன்ஜூர்" என்றேன். பதிலுக்குப் போன்ஜூர் வரவில்லை. மூச்சுவிடாமல் பிரெஞ்சில் கொட்டித் தீர்த்தார். என் பிரெஞ்சு பெட்டி தூக்கப் போதும், பேச்சு வாங்கப் போதாது. ஆனாலும் விளங்கியது.

"என்னவாம்?" என்றாள் மனைவி.

"பழைய கல்லாம். ஒண்டும் பூசக் கூடாதாம்."

"இவ்வளவு நேரம் கதைச்சவா. அவ்வளவுதானோ?"

"மிச்சம் எங்களைப் பற்றி."

மனைவி வாளியை என்னிடம் தந்தாள். "கழுவிவிடுறம் எண்டு சொல்லுங்கோ. திரி கொளுத்தாமல் போகமாட்டன் எண்டும் சொல்லுங்கோ."

நான் முதலாவதை மட்டும் சொன்னேன்.

குளிர்காலத்துக்காக வெளிக்குழாயைப் பூட்டியிருந்தார்கள். கோயில் குசினியிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்தேன். மனைவி வெறுங்கையால் தேய்த்தாள். புல்லுச் சுண்ணாம்பு என்றபடியால் கல்லில் பிடிக்கவில்லை. என் மடைத்தனமும் ஒரு நாளைக்கு உதவியது. எழுத்துகளின் பள்ளத்தில் நின்ற வெள்ளையைத் தன் சால்வை நுனியால், பிள்ளையின் காதைத் துடைப்பதுபோல ஒற்றி ஒற்றி எடுத்தாள். விரல்கள் சிவந்து விறைத்துவிட்டன.

பார்த்துக்கொண்டு நின்ற மதாம், தன் கையுறைகளைக் கழற்றி அவளிடம் நீட்டினார். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார். குரல் இறங்கியிருந்தது.

இப்போது மிச்சத்தையும் சொன்னேன். மாமி, மன்னார், பூட்டிய பாதை, எரியாத திரி. இலக்கணம் முழுக்கப் பிழை. ஆனால் அவர் ஒரு தடவைகூடத் திருப்பிக் கேட்கவில்லை.

கல்லில் முதலாவதாக இருந்த பெயரில் விரல் வைத்தார் மதாம். இந்தக் குடும்பத்தில் கடல் தாண்டி முதல் வந்தவர் இவர்தானாம். கப்பல் ஏறும்போது குமர்ப்பிள்ளை. அதன் பிறகு தன் தாயின் முகத்தைக் காணவேயில்லையாம்.

"அந்தத் தாயை எங்கை மண்ணிலை தாட்டது எண்டு கேளுங்கோ" என்றாள் மனைவி.

கேட்டேன். மதாம் கையை விரித்தார். அவர்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் தெரியாதாம்.

"அப்ப அவவுக்கும் ஒண்டு."

மனைவி பைக்குள் கைவிட்டு இரண்டு திரிகளை எடுத்தாள். அனுமதி கேட்கவில்லை. மதாம் குனிந்து, கல்லடியில் கிடந்த ஈர இலைகளை ஒதுக்கி இடம் விட்டார்.

ஆற்றுப் பக்கமிருந்து காற்று வந்தது. முதல் திரி அணைந்தது. மற்றதும் அணைந்தது.

"காத்தை மறையுங்கோ."

தெருமுனை டெப்பனர் கடையில் சிப்ஸ் வாங்கித் தின்று வளர்த்த என் உடம்புக்கு முதன்முறையாக ஒரு உபயோகம் வந்தது. கோட்டை இரு பக்கமும் விரித்துக்கொண்டு குந்தினேன். மற்றப் பக்கம் மதாம் குந்தினார். இரண்டு திரிகளும் பிடித்தன, ஆடின, மறுபடி அணைந்தன.

"எனக்கு வேலைக்கு நேரமாகுது" என்றேன் மெதுவாக.

"போன் அடிச்சு, செத்தவீடு எண்டு சொல்லுங்கோ" என்றாள் மனைவி, அடுத்த நெருப்புக்குச்சியை உரசிக்கொண்டே.