அக்கரையில் விட்ட கடுவன்

பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவின் பூனை ஒரு கோழிக்குஞ்சையும் தொடவில்லை. கொன்றது என் பூனை. அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே பழியை அந்தப் பூனைமேல் போட்டேன். போட்டதோடு நிற்காமல், அதைக் கோணியில் கட்டி என் ஸ்கூட்டரில் வைத்துக் கொண்டுபோய், மாநில எல்லையான தென்பெண்ணை ஆற்றுக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டும் வந்தேன்.

பாகூரில் ஏரிப் பாசனத்து வயல்களை ஒட்டி எங்கள் தெரு. அறுப்பு முடிந்தால் வயல் எலிகள் எல்லாம் வீடுகளுக்குள் குடியேறிவிடும். ஒரு வருஷம் என் ஸ்கூட்டரின் ஒயர்களையே கடித்துத் துண்டாக்கின. அப்போதுதான் ஒரு பெட்டைக் குட்டியைக் கொண்டுவந்தேன். கறுப்பும் வெள்ளையுமாக இருக்கும். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு பேச்சுத்துணை இல்லாத வீட்டில் அது வளைய வந்தது எனக்குப் பிடித்திருந்தது.

வளர்ந்ததும் அது எலியைத் தவிர எல்லாவற்றையும் பிடித்தது. ஓணான், அணில், தவளை, தவிட்டுக்குருவி. ஒருமுறை உயிரோடு ஒரு தண்ணீர்ப்பாம்புக் குட்டியை என் தலையணையில் கொண்டுவந்து போட்டுவிட்டு, பாராட்டை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தது. கல்லூரியில் முப்பது வருஷத்துக்கு மேல் வேதியியல் சொல்லிக்கொடுத்தவன் நான். பின்வரிசைப் பையன்களை அடக்கத் தெரிந்த எனக்கு இதை அடக்கத் தெரியவில்லை.

எதிர் வீட்டம்மா நாட்டுக்கோழி வளர்ப்பவர். எங்கள் பக்கத்தில் குஞ்சு பொரித்ததும் அவற்றை ரோஸ் சாயத்தில் முக்கி எடுத்து வெயிலில் விடுவார்கள். பருந்துக்கு அது கோழிக்குஞ்சு என்று தெரியாதாம். பருந்து ஏமாந்ததோ இல்லையோ, என் பூனை ஏமாறவில்லை. ஒரு நாள் காலை பெருக்கும்போது கட்டிலுக்கு அடியிலிருந்து ரோஸ் நிறத்தில் பஞ்சு பஞ்சாக இறகு வந்தது. இரண்டு சின்னக் கால்களும் வந்தன. முறத்தில் அள்ளி வாழைக்கன்றுக்கு அடியில் புதைத்தேன். கையைக் கழுவிக்கொண்டு நிமிர்ந்தால் வாசலில் எதிர் வீட்டம்மா.

"இன்னா சார், குஞ்சு நாலு காணோம். உங்க வூட்டு மகாராணி வேலையா?"

"இதுவா? இது வீட்டைத் தாண்டாதும்மா."

"அப்ப யாரு சார்?"

அங்கே நிறுத்தியிருக்கலாம். கீரி என்றாவது சொல்லியிருக்கலாம். "தையல்காரம்மாவோட செவலைக் கடுவன் பூனை உங்க வேலிகிட்ட சுத்தறதப் பார்த்தேன். கடுவனுக்குத்தான் வேட்டை புத்தி ஜாஸ்தி" என்றேன். நான் எதையும் பார்க்கவில்லை. படித்தவர் சொல்கிறாரே என்று அவர் நம்பிவிட்டார்.

அந்தக் கடுவனைத் தெருவுக்கே தெரியும். தையல் மெஷினுக்குக் கீழே வெட்டுத்துணிக் குவியலில் நாள் முழுக்கத் தூங்கும். தையல்காரம்மா ஒண்டிக்கட்டை. மகளை அரியாங்குப்பத்தில் கட்டிக்கொடுத்திருந்தார். அந்த வாரம் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். அது எங்களுக்கு வசதியாகப் போயிற்று. எதிர் வீட்டம்மா கோணியை விரித்து "வாடா ராசா" என்றதும் கடுவன் தானாகவே நடந்து உள்ளே போனது.

"கோணிய மூணு சுத்து சுத்துங்க சார், தெச மறந்துடும். ஆத்தத் தாண்டிட்டா திரும்பாது."

"ஆத்துல தண்ணியே இல்லையேம்மா."

"மணலா இருந்தா இன்னா, ஆறு ஆறுதான். அந்தாண்ட வுட்டா அது தமிழ்நாட்டுப் பூன. நம்ம ஊரு ரேஷன் கார்டுலேர்ந்து பேர எடுத்துடலாம்."

சிரித்தேன். சிரித்துக்கொண்டே மூன்று சுற்றும் சுற்றினேன். பாலத்தைத் தாண்டி ஒரு கரும்புத் தோட்டத்து ஓரத்தில் கோணியை அவிழ்த்தேன். அது வெளியே வந்து என் செருப்பை மோந்து பார்த்தது. வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஊர் திரும்பிய தையல்காரம்மா கருவாட்டுத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாகக் கூப்பிட்டுத் திரிந்தார். "நீங்க பாத்தீங்களா சார்?" என்று என்னிடமும் கேட்டார். இல்லை என்றேன். எதிர் வீட்டம்மா ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்கப் போனவர் வாயைத் திறக்கவில்லை.

குஞ்சுகள் போவது மட்டும் நிற்கவில்லை. "பூன போயும் குஞ்சு போவுதே சார்" என்று எதிர் வீட்டம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கத் தொடங்கினார். இப்போது கீரி என்றேன். ரகசியமாக என் பூனையைத் திருத்தவும் முனைந்தேன். கழுத்தில் மணி கட்டினேன். ஒரே வாரத்தில் மணி அசையாமல் நடக்கக் கற்றுக்கொண்டது. வெயில் ஏறும்வரை அறைக்குள் பூட்டினேன். கதவைப் பிறாண்டிக் கத்தியதில் என் காலைகள் பாழாயின. அயிலை மீன் தலையை வேகவைத்து வயிறு முட்டப் போட்டேன். தின்றுவிட்டு, வாயைக் கூடத் துடைக்காமல் வேட்டைக்குப் போனது. டவுனுக்குத் தூக்கிப்போய் கருத்தடையும் செய்தேன். "ஊர் சுத்தறது குறையும் சார், வேட்டை போவாது. பசிக்கா பிடிக்குது அது?" என்றார் டாக்டர். ஒரு நாள் ஆத்திரத்தில் துடைப்பத்தை எடுத்துத் துரத்தினேன். மூச்சு வாங்கியது எனக்குத்தான். அது மதில்மேல் உட்கார்ந்து காலை நக்கிக்கொண்டிருந்தது.

அப்படி மூச்சு வாங்க நின்றபோதுதான் தையல்காரம்மா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பேசினார்.

"உங்களுது பொழச்சிக்கும் சார். எங்குளுதுக்கு வேட்டையே தெரியாது. தட்டுல போட்டாத்தான் துன்னும். எங்க போய் இன்னா துன்னுதோ."

துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கட்டிலடி இறகு, கோணி, கரும்புத் தோட்டம். எதிர் வீட்டம்மாவின் பங்கைக் கொஞ்சம் குறைத்தே சொன்னேன், அதில் பொய் இல்லை; ஆரம்பித்தது நான்தான்.  தையல்காரம்மா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, "வண்டிய எடுங்க" என்றார்.

பாலத்தைத் தாண்டினோம். கரும்பு இப்போது ஆளுயரத்துக்கு வளர்ந்திருந்தது. அவர் வரப்போரமாகக் கூப்பிட்டுக்கொண்டே நடந்தார். நான் பின்னால் போனேன். அன்று இல்லை. மறுநாளும் போனோம். அதற்கும் அடுத்த நாள், பம்ப்செட் கொட்டகைப் பக்கம் கரும்புக்குள்ளிருந்து அது வந்தது. இளைத்துப் பாதி உடம்புதான் இருந்தது. ஒரு காது கிழிந்திருந்தது. வாயில் ஒரு காடை. அவர் காலடியில் காடையைப் போட்டுவிட்டு உரசியது. அப்படியே வாரித் தலைப்புக்குள் சுற்றிக்கொண்டார். திரும்பும்போது என் முதுகுக்குப் பின்னால் அவர் அழுதது கேட்டது.

என் பங்குக்கு எதிர் வீட்டம்மாவிடமும் உண்மையைச் சொல்லி, கம்பிவலை வைத்த கூண்டு ஒன்று செய்துதருகிறேன் என்றேன். "கூண்டுல அடச்சா அது நாட்டுக்கோழியா சார்? பிராய்லரு" என்று ஒரே வரியில் மறுத்துவிட்டார். ஆனாலும் கோபித்துக்கொள்ளவில்லை. விஷயம் அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

கடுவனுக்கு உடம்பு தேறியது. ஆனால் வெட்டுத்துணிமேல் அது படுக்கவில்லை. தட்டில் போட்டதை மோந்து பார்த்துவிட்டு வேலிக்கு மேல் ஏறியது. ஒரு நாள் சாயங்காலம் எதிர் வீட்டம்மா கோணியோடு தெருவுக்கு வந்து நின்றார்.

"இன்னைக்கு ரெண்டு போச்சு. இப்ப சொல்லுங்க சார், எது?"

கடுவன் ரோஸ் குஞ்சைக் கவ்விக்கொண்டு என் தோட்டத்தைத் தாண்டி ஓடியதை நான் பார்த்திருந்தேன். "என்னுது. என்னுதுதான்" என்றேன்.

தையல் மெஷின் நின்றது. தையல்காரம்மா கதவண்டை வந்தார்.

"பொய் சொல்லாதீங்க சார். எங்குளுதுதான். நானே பாத்தேன்."

"கேட்டீங்களா சார்? அன்னைக்கு நீங்க சொன்னது இன்னைக்கு நெசமாயிடுச்சி" என்றார் எதிர் வீட்டம்மா. குத்திக்காட்டச் சொன்ன மாதிரி தெரியவில்லை. சொல்லிவிட்டுக் கோணியைப் பாதியாக மடித்தார். திரும்பவும் அதைக் கொண்டுபோய் விடும்படி சொல்ல அவருக்கும் வாய் வரவில்லை. ஆனால் இனி ஒரு குஞ்சு போனால் சும்மா இருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

இப்போது பகலெல்லாம் கடுவன் கட்டிப் போடப்பட்டிருக்கிறது. புடவைக் கரையைக் கிழித்துத் திரித்த கயிறு, தையல்காரம்மா வீட்டு ஜன்னல் கம்பியில். ஆட்டுக்குட்டியைக் கட்டுவது போல. தோல் பட்டை ஒன்று வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "வேணாம் சார், துணிதான் கழுத்த அறுக்காது" என்று திருப்பிக் கொடுத்தார். என் பூனையையும் இருட்டும்வரை உள்ளேதான் பூட்டி வைக்கிறேன். அது கொஞ்ச நேரம் பிறாண்டிவிட்டுத் தூங்கிவிடுகிறது. கடுவன் தூங்குவதில்லை. மத்தியானம் நான் சாப்பிட உட்காரும் நேரத்தில் கத்தத் தொடங்கும். மெஷின் ஓடும்வரை அவ்வளவாகக் கேட்காது. அவர் நூல் மாற்ற நிறுத்தும்போதெல்லாம் கேட்கும்.