வத்தகப்பழ எழுத்துகள்

மாங்குளம் சந்தியில் என் சின்னம்மா தட்டச்சுக்கும் போட்டோக்கொப்பிக்குமாக ஒரு சிறிய கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டதும் நான் அங்கேதான் போவேன். கடைக் கொம்பியூட்டரில் இருந்தது லினக்ஸ் என்ற இயங்குதளம். அதன் திரையில் எழுத்துகள் மிகப் பெரிதாகவும் ஓரம் கலங்கியும் தெரியும்.

ஒருநாள் ரீச்சர் எழுதிவரச் சொன்ன ஒப்படையை அச்செடுக்க வகுப்புத் தோழிகள் வந்தார்கள். "என்னடி இது, எழுத்தெல்லாம் வத்தகப்பழம் மாதிரி ஊதிப் பெருத்துக் கிடக்கு?" என்று ஒருத்தி கேட்க, மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு மேசைக்குக் கீழே புகுந்துவிடலாம் போலிருந்தது.

அடுத்த நாள் சின்னம்மா சாப்பிடப் போன நேரம் நான் வேலையில் இறங்கினேன். திரையின் வயரைக் கழற்றி, தூசியை ஊதி, திரும்பப் பூட்டினேன். மாற்றமில்லை. கொம்பியூட்டரை நிறுத்தி மறுபடி இயக்கினேன். அப்போதும் அப்படியே. கடைசியில் அமைப்புகளைத் திறந்தால், திரை தாங்கக்கூடிய தெளிவு அளவுகளெல்லாம் பட்டியலில் ஒழுங்காக இருந்தன. எவரோ ஆகக் குறைந்ததைத் தெரிவுசெய்திருந்தார்கள். கைதவறி நடந்திருக்கும் என்று எண்ணி ஆகக் கூடியதை அழுத்தினேன். திரை ஒருகணம் கறுத்து மீண்டது. எழுத்துகள் சிறுத்து, கூராக நின்றன.

சின்னம்மா வந்து நெடுநேரம் பார்த்தார். "ஆர் மாத்தினது? நீயா?"

"ஓம் சின்னம்மா. பிழையாக் கிடந்தது, திருத்திப்போட்டன்."

"கெட்டிக்காரி" என்றார்.

அன்று அவர் அடித்துக்கொடுத்த மரண அறிவித்தலில் இறந்தவரின் பெயர் பிழையாக விழுந்துவிட்டது. பின்னேரம், அதே தோழிகள் கடையில் நின்ற வேளை பார்த்து, இறந்தவரின் மகன் வந்து தாள்களை மேசையில் போட்டார்.

"அப்பான்ர பேரையே மாத்திப் போட்டிருக்கிறியள். கண் தெரியாட்டி ஏன் அக்கா கடை நடத்துறியள்?"

சின்னம்மா மன்னிப்புக் கேட்டார். அவரை அறியாதவள்போல நான் வீதியில் போகும் பஸ்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுபடி அடித்துவிட்டு, "இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லு பிள்ளை" என்று என்னைக் கூப்பிட்டார். தோழிகள் பார்த்திருக்க, முகம் எரிய வாசித்தேன். அதன்பிறகு ஒவ்வொரு நாளும் வாசிக்கச் சொன்னார்.

பார்வை மங்கிவருவதை அவர் வீட்டில் எவருக்கும் சொல்லியிருக்கவில்லை. சொன்னால் கடையைப் பூட்டச் சொல்வார்கள் என்ற பயம். தான் வைத்திருந்த பழைய அளவுக்குத் திரையைத் தானே மாற்றினாலும், என்னிடம் மாற்றக் கேட்டாலும், காரணமும் சொல்லவேண்டி வந்திருக்கும். இதெல்லாம் எனக்குத் தெரியவரப் பல வருடங்கள் சென்றன. அன்றைக்கு எனக்கு இருந்ததெல்லாம், இவ்வளவு துலக்கமாக்கிக் கொடுத்தும் வாசிக்கப் பஞ்சிப்பட்டு, சோம்பலில் என்னை ஏவுகிற ஒருவருக்குப் பெறாமகளாக வாய்த்தேனே என்ற வெட்கம் ஒன்றுதான்.